ஓட்டுகிறவர் பக்கத்துக் காற்று

1

இந்தக் கதை ஒரு 'சரி'யிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சொன்னவர் ஒரு லாரி ஓட்டுநர். கேட்டுக்கொண்டவன் நான்.

அப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். ஒருநாள் காலையில் வேலை முடிந்து வெளியே வந்தால் பஸ் போய்விட்டிருந்தது. கை காட்டினேன். பழைய லாரி ஒன்று நின்றது. ஏறினேன். முக்கால் மணி நேரப் பயணம். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். தூக்கம் கெட்டவனுக்கு அது முடியாது. வேலை பிடிக்கவில்லை என்றேன். சரி என்றார். பகலெல்லாம் தூங்கித் தூங்கி மனுஷ முகமே மறந்துபோகிறது என்றேன். சரி. ஏதாவது எழுதலாம் என்று இருக்கிறேன், வேலையை விட்டுவிடட்டுமா என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடி, கொஞ்சமும் யோசிக்காமல், அழுத்தமாக, சரி என்றார்.

அவ்வளவு உறுதியாக என்னை யாரும் ஆமோதித்ததில்லை. அடுத்த வாரமே வேலையை விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வண்டிகளுக்கான ரப்பர் சாமான் விற்கும் ஒரு கடை வாசலில் அதே லாரி நின்றது. அவர் குனிந்து கதவு இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, நீங்க சரின்னு சொன்னீங்கன்னுதான் நான் வேலையை விட்டேன்."

அவர் நிமிரவில்லை. "எந்த சரி?"

சொன்னேன்.

"தம்பி, அந்த வண்டியில எனக்கு ஒரு மண்ணும் கேக்காது. காத்து அந்தக் கத்து கத்தும். யாரு எது சொன்னாலும் சரின்னுடுவேன். இல்லன்னா திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க பாரு, அது பெரிய ரோதனை."

"அப்ப நான் பேசினது எதுவுமே..."

"வாய் அசைஞ்சுது. அது தெரிஞ்சுது."

கடைக்குள்ளே ஒரு பெண் குரல் வாய்விட்டுச் சிரித்தது. கடையின் சொந்தக்காரி. எல்லோருக்கும் ரப்பரக்கா. "பாவம், ஒரு பிள்ளையோட பொழப்பையே முடிச்சுட்டீங்களே அண்ணே."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"உன்ன மாதிரியே இன்னொருத்தியும் கேட்டிருக்கா," என்றார். "எம் பொண்டாட்டி."

(அந்த நொடியில் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. கதை கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது. அசிங்கமான எண்ணம். மறைக்க விரும்பவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'காற்று ஒரு பழைய விரோதியைப் போல...'

வேண்டாம். காற்று எதையும் போல இருக்கத் தேவையில்லை. இடுக்கு இருந்தால் நுழையும். நுழைந்தால் சத்தம் போடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: 'அவள் திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்த அன்று, அவர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு...'

இது பரவாயில்லை. ஆனால் வாசகரை முடிச்சுப் போட்டு இழுக்கிற வேலை. காகிதம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். ஒளித்துவைக்கிற மாதிரி அதில் ஒன்றுமில்லை.

மூன்றாம் தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்:

லாரி அவரைவிட ஏழெட்டு வயது இளையது. அவருக்கு நாற்பத்தெட்டு. முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள், நடுவில் ஒரு இரும்புப் பட்டை. கதவில் ஏற்றி இறக்குகிற பெரிய கண்ணாடி ஒன்று; அதற்கு முன்னால், வெளியே தள்ளித் திறக்கிற முக்கோணக் கண்ணாடி ஒன்று. இப்போது வருகிற வண்டிகளில் அந்த முக்கோணம் கிடையாது. அதனால் சாலையோரத்தில் நிறுத்தினால் யாராவது வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருவரும் அதில் ஏறி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனதில்லை. நாற்பதில் விசில் ஆரம்பிக்கும். ஐம்பதில் ஊளை. அறுபதில் காதுக்குப் பக்கத்தில் யாரோ புதுத்துணியை நிறுத்தாமல் கிழிக்கிற சத்தம். கிளட்ச் மிதி நுழைகிற துளை வழியாக வருகிற குளிர் காற்றில் கணுக்கால் மரத்துப்போகும்.

அவர் மனைவி தையல் வேலை பார்க்கிறாள். வீட்டில் தைப்பாள், தைத்ததைக் கொடுத்துவிட்டுப் புதுத் துணி வாங்க வாரத்தில் மூன்று நாள் அவரோடு வண்டியில் போவாள். இருபத்திரண்டு வருஷமாக. வீட்டில் இருந்தால் அவளுக்கு மெஷின், அவருக்குத் தூக்கம். ஆகவே அவள் பேச வேண்டியதையெல்லாம் வண்டியில்தான் பேசினாள். அவர் சரி என்றார்.*

* இருபத்திரண்டு வருஷம் ஒரு மனுஷன் காதில் விழாமலேயே எப்படிக் குடும்பம் நடத்தினான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "பொண்டாட்டி பேசறதுல முக்கால்வாசி பதில் வேணும்னு பேசறதில்ல தம்பி," என்றார். மிச்சக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கதை.

3

அவள் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஒரு பையோடு ஏறினாள். வழியில் ஏதோ சொன்னாள். அவர் சரி என்றார். அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போது, வழக்கமாகச் சொல்கிற 'பாத்துப் போங்க'வைச் சொல்லவில்லை. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

பத்தாம் நாள் கூட்டிவரப் போனார். அக்காதான் கதவைத் திறந்தாள், கைத்தடியை ஊன்றிக்கொண்டு.

"அழைச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"யாரை?"

"அவளைத்தான்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இனிமே அக்கா வீட்டுலயே இருந்துடட்டுமான்னு கேட்டாளாமே. நீங்கதான் சரின்னீங்களாமே. ஏன்னு ஒரு வார்த்தை இல்ல. திரும்பிக்கூடப் பாக்கலயாம்."

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், எனக்குக் காதில் விழவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"அவ கோவத்துல இருந்தா நானே சமாதானம் பேசி அனுப்பிடுவேன். கோவமே இல்ல. அன்னிக்கு ஒரு சரி சொன்னாரு, இன்னிக்கு ஒரு சரி சொல்லிட்டாரு, சரியாப்போச்சுங்கறா."

"அன்னிக்கு என்ன சரி?"

"என்னங்க இது, மறந்துட்டீங்களா? கல்யாணமாகி அஞ்சாவது வருஷம். பெரிய டாக்டரைப் பாத்துட்டுத் திரும்பி வர்றீங்க. குழந்தை இனி இல்லன்னு ஆயிடுச்சு. நாம ரெண்டு பேர் மட்டும்னா உங்களுக்குச் சரியான்னு கேட்டிருக்கா. நீங்க டக்குனு சரின்னீங்களாம். யோசிக்கவே இல்லையாம். 'அந்த ஒரு வார்த்தையிலதான் அக்கா நான் உக்காந்திருக்கேன்'னு எத்தனை தடவை சொல்லியிருக்கா தெரியுமா எங்கிட்ட."

அவருக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. டாக்டர் பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டியது ஞாபகம் இருந்தது. திரும்பும்போது எதிர்க்காற்று. அவள் வழி முழுக்க வாயே திறக்கவில்லை என்றுதான் பதினேழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தை நான் நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவரை வாசற்படியில் அழவைக்கப் பார்த்தேன். அவர் அழவில்லை. அவருடைய சிக்கல் அழுது தீர்கிற வகை இல்லை. போன வாரத்துச் சரி காதில் விழாமல் சொன்னது என்று சொல்லிவிட்டால் அவள் ஒருவேளை திரும்பி வருவாள். ஆனால் உடனே யோசிப்பாள்: அப்போது அந்த இன்னொரு சரி? அவள் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிற இடத்தை அவர் கையாலேயே உருவவேண்டும். ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே வரும்.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

உள்ளேயிருந்து அவள் வந்தாள். நல்ல விதமாகவே பேசினாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள். பிறகு, "எனக்கு மெஷின் மட்டும் வேணும். அக்காவுக்குத் தடி இல்லாம நடக்க வரட்டும். அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்கு வரேன், வண்டியில ஏத்திக்கிட்டு வந்துடலாம். நீங்களே கொண்டு வந்து விட்டுடுங்க," என்றாள்.

அவர் 'ம்' என்றார். சரி என்று சொல்ல நாக்கு வரவில்லை.

4

வாயைத் திறக்கப் பயந்தவர் கதவு இடுக்கை அடைக்கக் கிளம்பினார். கேலிக்காகச் சொல்லவில்லை. அவர் யோசனை இதுதான்: அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷினோடு அவள் வண்டியில் ஏறுவாள். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் அவள் எதைச் சொன்னாலும், முணுமுணுத்தாலும், இந்த முறை ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட வேண்டும். கேட்டால் என்ன சொல்வது என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். மூன்றரை வாரம் இருந்தது.

அப்படித்தான் ரப்பரக்கா கடைக்கு வந்திருந்தார். நானும் அன்றிலிருந்து கூட ஒட்டிக்கொண்டேன். எனக்கு வேறு வேலை இல்லை, அதற்குக் காரணம் அவர் என்று இருவருக்கும் தெரியும்.

"பழைய கேபின்ல காதை வச்சு ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாதுண்ணே," என்றாள் ரப்பரக்கா. "ஒரு இடத்துல நுழையும், இன்னொரு இடத்துல கத்தும். காகிதம் வச்சுப் பாருங்க."

கதவைத் திறந்து, சட்டத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, கதவை மூடவேண்டும். பிறகு காகிதத்தை இழுக்கவேண்டும். இறுக்கிப் பிடித்தால் அங்கே ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்றுக்கு வழி இருக்கிறது. ஒரு சாண் தள்ளி மறுபடி. கதவு முழுக்க இப்படிச் சுற்றிவரவேண்டும், வழுக்கின இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு.

அவர் மனைவி பக்கத்துக் கதவில் ஆரம்பித்தார்.

"உங்க பக்கம் பாக்கலயா அண்ணே?"

"எனக்கென்ன, பழகிப்போச்சு. அவதான் காதைச் சுத்தித் துணி கட்டிக்கிட்டு வருவா. எவ்ளோ காத்து வாங்கியிருப்பா, பாவம்."

முதலில் வாங்கிய ரப்பர் பட்டை தடிமன் அதிகம். அவளுக்கு ஒரு பொட்டுக் காற்றுகூடப் படக்கூடாது என்று இருந்ததிலேயே கொழுத்ததாகப் பார்த்து வாங்கியிருந்தார். கதவு மூடவில்லை. நான் வெளியிலிருந்து தள்ள, அவர் உள்ளேயிருந்து இழுக்க, மூடிக்கொண்டது. பிறகு திறக்கவில்லை. அவர் தன் பக்கமாக இறங்கி வந்து கதவை ஒரு உதை விட்டார். அந்த உதைப் பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது.

மெல்லிய பட்டை வாங்கிவந்து ஒட்டினோம். கதவின் அடியில் மூன்று சின்னத் துளைகள் இருந்தன. காற்று வருகிற துளை என்று நினைத்து மூன்றையும் பசை வைத்து அடைத்தார். நான் பக்கத்தில் நின்று, நல்ல வேலை அண்ணே என்று பாராட்டினேன். மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் பிரேக் போட்டபோது அந்தக் கதவுக்குள் ஒரு குடம் உருண்டது.

ரப்பரக்கா கதவைக் கையால் ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் தளும்பியது. கடை வாசலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அது தண்ணி வடியற ஓட்டைண்ணே! கண்ணாடி வழியா இறங்கற மழைத்தண்ணி வெளிய போகத்தான் வச்சிருக்கான். கதவுக்குள்ள மீன் வளக்கப் போறீங்களா?"

"மீனு கத்தாதுல்ல," என்றார்.

பிறகு தரை விரிப்பைத் தூக்கி, அடியில் பழைய கம்பளியை வெட்டி ஒட்டினோம். கியர் கம்பி வருகிற துளைக்கு ரெக்சினில் ஒரு பை தைக்கவேண்டியிருந்தது. தைக்கத் தெரிந்தவள் வீட்டில் இல்லை. அவரே கோணி ஊசியால் தைத்தார். அவள் பார்த்தால் பிரித்துப்போட்டு மறுபடி தைப்பாள், அப்படி ஒரு தையல்.

பத்து நாள் வேலை. பதினோராம் நாள் வண்டியை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சத்தம் கூடிப்போன மாதிரி இருக்கு தம்பி," என்றார்.

5

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கதையில் வருகிற மனைவியை நான் பார்த்ததில்லை.

முதல் வரைவில் அவளுக்குக் கசந்துபோன ஒரு முகம் கொடுத்தேன். இரண்டாம் வரைவில் கண்ணீர் கொடுத்தேன். இரண்டும் வேறு எங்கேயோ பார்த்த முகங்கள். அவளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான், எல்லாம் அவர் சொன்னது. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள். நாலு பேர் இருந்தால் மட்டும் 'ஏங்க' என்று கூப்பிடுவாள்; தனியாக இருந்தால் கூப்பிடாமல் நேரே பேச்சை ஆரம்பித்துவிடுவாள். கோபம் வந்தால் துணியை அளவெடுத்து, மடித்து, மறுபடி அளவெடுப்பாள்.

"ஏன் அங்கயே இருக்கணும்னு நினைச்சாங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியலயே தம்பி. அதைத்தானே அவளும் நான் கேக்கலன்னு சொல்றா."

நானே ஒரு காரணம் எழுதிப் பார்த்தேன். [எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவனோடு சண்டைகூடப் போட முடியாது. சண்டை போட முடியாத வீட்டில் ஒரு பெண் எத்தனை வருஷம்...] நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது என் வாக்கியம், அவளுடையது இல்லை. அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று இங்கேயே விட்டுவைக்கிறேன். காரணம் அவளிடம் இருக்கிறது. அவள் சொன்னால் உண்டு.

6

"நீ ஏறு தம்பி," என்றார் அடுத்த நாள். "அவ இடத்துல உக்காந்து ஏதாவது பேசிக்கிட்டே வா. எது வரைக்கும் கேக்குதுன்னு பாப்போம்."

ஊரைத் தாண்டி நேர்ச்சாலை. ஐம்பதைத் தொட்டதும் சாதாரணக் குரலில் சொன்னேன்: "இன்னிக்கு செவ்வாய்க்கிழமை."

"என்ன கிழவி?"

"நேத்து மழை பெஞ்சுது."

"யாரு கையெழுத்து?"

அவர் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். அவர் கத்தவே தேவையில்லை, எனக்குத் துல்லியமாகக் கேட்டது. அவர் கத்தி முடித்தபின் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாரே, அதுவும் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணே! இங்க சத்தமே இல்லையே!"

"அதான் அடைச்சாச்சே!"

"இல்லண்ணே! அன்னிக்கு ஏறி வந்தேனே, அன்னிக்கும் பெருசா இல்ல! அதனாலதானே அவ்ளோ பேசினேன்!"

இதை மூன்று முறை கத்தவேண்டியிருந்தது. மூன்றாம் முறை அவர் முகம் மாறியது. வண்டியை ஓரங்கட்டினார்.

நேரே ரப்பரக்கா கடைக்குப் போனோம். அவளுக்குக் கனரக வண்டி ஓட்டத் தெரியும், அவள் அப்பா வண்டியில் கற்றது. கடையைச் சாத்திவிட்டு, புடவையைச் சொருகிக்கொண்டு ஓட்டுகிற இடத்தில் ஏறினாள். நான் நடுவில், எஞ்சின் மூடிமேல். அவர், தன் மனைவி உட்காருகிற இடத்தில், ஜன்னலோரம். சொந்த வண்டியில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஏறத் தெரியாமல் கைப்பிடியை மாற்றிப் பிடித்தார். உட்கார்ந்ததும், "இந்தக் கம்பி முதுகுல குத்துதே," என்றார் மெதுவாக. "ஒரு நாளும் சொன்னதில்லயே." கொஞ்சம் விட்டு, "சொல்லியிருப்பா," என்றார்.

ஐம்பது. ஐம்பத்தைந்து. ரப்பரக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள். அது எங்கள் இருவருக்கும் கேட்டது. குறுக்கே வந்த சைக்கிளைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். அதுவும் கேட்டது.

அவர் சாதாரணக் குரலில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "தங்கச்சி, உன் கடையை எம் பேருக்கு எழுதிக் குடுத்துடறியா?"

"சரி சரி!" என்று ரப்பரக்கா சாலையைப் பார்த்தபடி கத்தினாள்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் கதவின் உள்தகட்டைத் தடவிக்கொண்டே வந்தார்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இறங்கினதும் ரப்பரக்கா இரண்டு நிமிஷத்தில் காட்டிவிட்டாள். "உங்க பக்கக் கதவை ஒரு நாளைக்கு நாப்பது தடவை தொறக்கறீங்க. கீல் தேஞ்சு கதவு ஒரு விரக்கடை தொங்குது பாருங்க. மேல இந்தச் சந்து. முக்கோணக் கண்ணாடியோட ரப்பரைத் தொட்டா சுள்ளி மாதிரி உடையுது. காத்து மொத்தமும் உங்க காதுக்குள்ளதாண்ணே போகுது. அந்தப் பக்கக் கதவு அப்படியே புதுசு மாதிரி இருந்துச்சு. அதைத்தான் பத்து நாளா அடைச்சிருக்கீங்க."

"அப்ப அவ காதுல துணி?"

"தூசுக்கா இருக்கும். முடி பறக்குதேன்னு இருக்கும். பொம்பள துணி கட்டினா உங்க காத்துக்காகத்தான் கட்டணுமா?"

அவர் படியில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷமும் அவருக்கு அங்கே தலைகீழானது. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. யாருக்கும் கேட்காது என்று நினைத்து அவர் காற்றுக்குள் திட்டியது, புலம்பியது, அவளைப் பற்றியே அவள் பக்கத்தில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தது, எல்லாம். தனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்கிற வண்டியில் அவருக்குக் கேட்காது என்று அவள் ஏன் நினைக்கப்போகிறாள்?

"ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்ல தம்பி," என்றார். "நான் சொன்னதுல ஒண்ணைக்கூட."

7

பிறகு நடந்தது வேலை. ஜாக்கியின் மேல் பலகை வைத்து அவர் பக்கத்துக் கதவைத் தாங்கி, தேய்ந்த கீல் ஆணிகளைத் தட்டி எடுத்து, புதிது போட்டோம். கதவு ஏறி சட்டத்தில் உட்கார்ந்தது. முக்கோணக் கண்ணாடிக்கு ரப்பரக்கா ஒரு பட்டையைத் தேடி எடுத்து, சோப்புத் தண்ணீர் தடவி, கயிறு வைத்து இழுத்து உள்ளே உட்காரவைத்தாள். மிதித் துளைகளுக்குக் கம்பளி. காகிதம் வைத்து இழுத்தால் எல்லா இடத்திலும் கிழிந்தது, வரவில்லை.

கடைசிச் சோதனைக்கு நானும் அவரும் போனோம். அறுபது. இயந்திரச் சத்தம் இருந்தது. துணி கிழிகிற சத்தம் இல்லை. சாவிக்கொத்து ஆடுவது கேட்டது.

"அவ மாதிரி பேசு," என்றார். "மெதுவா. என்னைப் பாக்காம, ஜன்னலைப் பாத்துக்கிட்டு."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த அவள் வாக்கியம் இரண்டுதான். சின்னதைச் சொன்னேன். "அக்கா வீட்டுலயே இருந்துடட்டுமா?"

வண்டி வேகம் குறைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"கேட்டுடுச்சு," என்றார்.

ரொம்ப தூரம் போனபின், நான் கேட்காமலே சொன்னார்:

"அந்த டாக்டர் நாள் தம்பி. எனக்கு அப்ப முப்பத்தொண்ணு. எங்கம்மா இன்னொரு கல்யாணம்னு பேச ஆரம்பிச்சிருந்தாங்க. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு அவ கேட்டது காதுல விழுந்திருந்தா டக்குனு சரின்னு சொல்லியிருப்பேனா? சத்தியமா எனக்குத் தெரியல. அவ நினைச்சுக்கிட்டு இருக்கற ஆளு நான் இல்ல. அந்த ஆளு காத்து பண்ணின ஆளு."

இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது, ஆனா ஊர் பேர் போடாதே என்றார். போடவில்லை.

8

முடிவுகள்.

அ) வண்டி ஓடுகிறது. அவள், 'என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு' என்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே ஜன்னலை இறக்குகிறார். காற்று ஹோவென்று உள்ளே வருகிறது. இருவரும் சிரிக்கிறார்கள். 

எழுதி முடித்த அன்று இது எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் வெட்கமாக இருந்தது. மூன்றரை வாரம் முழங்கால் தேய வேலை பார்த்தவர் அப்படி இறக்கமாட்டார்.

ஆ) வண்டியில் அவருக்கு எதுவும் காதில் விழாது என்பது அவளுக்கு எப்போதுமே தெரியும். தெரிந்துதான் கேட்டாள். தெரிந்துதான் அந்தச் சரியை எடுத்துக்கொண்டாள்.

இதுதான் என்னை ரொம்ப இழுக்கிறது. எல்லோரையும் காப்பாற்றிவிடும். ஆனால் அவளுக்குத் தெரியும் என்பதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை. எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணை எல்லாம் தெரிந்தவளாக்கி உட்காரவைக்க முடியாது.

இ) அவர் எனக்குச் சொன்னது. இதில் என் கைவரிசை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மெஷினை இருவரும் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். அவளே கயிறு கட்டினாள், அவர் முடிச்சில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஏறி உட்கார்ந்ததும் கியர் கம்பியடியில் ரெக்சின் பையைப் பார்த்தாள். "இதை யாரு தச்சது?" என்றாள். "நான்தான்." "தெரியுது," என்றாள்.

அதன்பின் இருபது நிமிஷம் பேச்சில்லை. சத்தம் இல்லாத வண்டியில் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்ததாம். ஆஸ்பத்திரியில் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிற இரண்டு பேர் மாதிரி இருந்தது என்றார். அவள் எதுவும் கேட்கவில்லை. மறுபடி கேட்பாள் என்றுதானே இவ்வளவும். கேட்கவே இல்லை. அக்கா வீட்டுக்குத் திரும்புகிற சாலை இன்னும் எட்டு கிலோமீட்டர் என்று பலகை வந்தது.

"டாக்டரைப் பாத்துட்டு வந்தோமே, அன்னிக்கு," என்றார். "அன்னிக்கு நீ ஒண்ணு கேட்டியாமே."

அவள் திரும்பினாள். "கேட்டியாமே?"

"எனக்குக் காதுல விழல. அன்னிக்கும் விழல. போன மாசம் நீ கேட்டதும் விழல. நடுவுல பாதிக்கு மேல விழல. என் பக்கம் காத்து அப்படி. சரி சரின்னு சொல்லிக்கிட்டே வந்துட்டேன்."

அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தேன் என்றார். மூச்சு மட்டும் கேட்டதாம். உள்ளே இழுத்தது, கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

பலகை: ஐந்து கிலோமீட்டர்.

"அப்ப நான் இத்தனை வருஷம்..." என்றாள். நிறுத்திவிட்டாள்.

"ஆமா."

"வேற எதையும் சொல்லாதீங்க இப்ப."

அவர் சொல்லவில்லை. மூன்று கிலோமீட்டர் வந்ததும் அவரால் முடியவில்லை.

"மறுபடி கேளு," என்றார். "அக்கா வீட்டுது அப்புறம். அந்தப் பழசைக் கேளு. இப்ப எனக்குக் கேக்கும்."

"அப்ப எனக்கு இருபத்தேழு வயசு. அதே மாதிரி கேக்க எனக்கு வராது."

"வர்ற மாதிரி கேளு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு என்ன நினைத்தாளோ, மொத்த உடம்பையும் அவர் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். "நாம ரெண்டு பேர்..." என்று ஆரம்பித்தாள்.

இதுவரைக்கும்தான் அவர் சொன்னார். சொல்லிவிட்டு, லோடு ஏற்றணும் தம்பி என்று எழுந்து போய்விட்டார். மெஷினை இறக்கினீர்களா என்று நான் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். லாரிக்குள் எட்டிப் பார்த்திருந்தால்கூட ஏதாவது தெரிந்திருக்கும். இரண்டையும் செய்யவில்லை.

ஆகவே இனி உங்கள் பொறுப்பு. மெஷினை இறக்குங்கள், இல்லை வண்டியைத் திருப்புங்கள். அந்தப் பதிலை அவர் டக்கென்று சொல்லவேண்டுமா, யோசித்துச் சொல்லவேண்டுமா, முப்பத்தொரு வயசில் தான் எப்படிப்பட்டவன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டுமா, எல்லாம் உங்கள் இஷ்டம். நடுவில் எஞ்சின் மூடிமேல் நான் உட்கார்ந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கும். அவசரப்பட்டு அவர் வாயில் மட்டும் எதையும் போட்டுவிடாதீர்கள். அவள் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.